பதினோரு மடிப்பு

இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் எழுதிய வரியை மூன்றாவது முறையாக நீக்கியிருந்தார்கள். கடையில் யாருடைய பட்டாவோ இருபது காப்பி ஓடிக்கொண்டிருந்தது. தென்காசியில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்து, பிறந்ததற்கும் செத்ததற்கும் சனங்களுக்குச் சான்று நகல் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். என்னிடமே 'சான்று தேவை' என்றால் எரிச்சல் வராதா?

எல்லாம் முப்பிடாதிக்காகத்தான். வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் பதினோரு வீடு, அதில் ஒன்று அவளுடையது. ஈத்தை மூங்கிலைச் சீவிப் பாய் பின்னுவது அவர்களுடைய பரம்பரை நெசவு. குற்றாலம் சீசன் கண்காட்சியில் மலைமக்கள் கைத்தொழிலுக்குக் கடை ஒதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதினோரு வீட்டுக்கும் சேர்த்து என் கடையில் வைத்துத்தான் மனு எழுதினாள். கண்காட்சிக் குழுக்காரர் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, 'இந்த நெசவு இன்று வழக்கில் இல்லை' என்று இணையக் கலைக்களஞ்சியத்தில் இருக்கிறது, நீங்கள் எங்கோ வாங்கி விற்கிற ஆட்கள் என்று மனுவைத் திருப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அதைச் சரிசெய்தால் பார்க்கலாமாம்.

"அதுல யாரு வேணாலும் எழுதலாமாம்லா யக்கா. நீங்க எழுதுங்க" என்றாள். அவ்வளவுதானே என்று நானும் உட்கார்ந்தேன்.

'பொய். நேற்றுக்கூடப் பின்னினார்கள். நான் பார்த்தேன்' என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் காணோம். அங்கே திருத்துகிறவர்களில் அஸ்வத் என்று ஒருவர், எந்த ஊரோ, மரியாதையாகத்தான் குறிப்பு வைத்திருந்தார்: 'நீங்கள் நேரில் பார்த்தது சான்றாகாது. வெளியான நூலோ பத்திரிகையோ வேண்டும்.' சான்றுதானே, எனக்குத் தெரியாததா? முப்பிடாதியை ஈத்தையும் கையுமாக உட்காரவைத்துப் படம் எடுத்தேன். 'மேற்படியார் பாய் பின்னுவது உண்மை' என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கினேன். இரண்டு நாள் அலைந்து ஒரு பெரிய அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்தும் வாங்கி, ஸ்கேன் பண்ணி ஏற்றினேன். பச்சை மைக்கு மேல் ஒரு அத்தாட்சி உண்டா? அதற்கும் அதே கதிதான். கோபத்தில் மூன்றாவது முறை வெறும் வரியை மட்டும் போட்டுப் பார்த்தேன். அதுவும் போய்விட்டது.

'வழக்கில் இல்லை' என்ற வரிக்கு மட்டும் பக்கத்தில் சின்னதாக ஒரு எண் இருந்தது. அதைத் தொட்டால் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு புத்தகம். எழுதியவர் மலை ஏறினாரோ, அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினாரோ, யார் கண்டது? பெயர், ஊர், தேதி, பக்கம் எல்லாம் எப்படிக் குறிப்பது என்று அஸ்வத் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கற்றுக்கொண்டேன். குறிக்கத்தான் ஒன்றும் இல்லை.

பத்திரிகைதானே வேண்டும் என்று நிருபர் பேச்சிராஜ் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வந்தார், ஒரு மணி நேரம் இருந்தார். பாயின் ஓரத்தை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாக மடிக்கும் என்று முப்பிடாதி ஆசை ஆசையாகச் செய்து காட்டினாள். அவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை வந்தது செய்தி, கலர் படத்தோடு: 'அழிந்துபோன நெசவுக்கு உயிர் கொடுக்கும் ஒற்றைப் பெண்.'

"அண்ணாச்சி, அழிஞ்சு போச்சுன்னு யாரு சொன்னா? பதினோரு வீட்டுல பின்னுதாவளே!" என்று போனில் கத்தினேன்.

"நீ சொல்லுதது சரிதாம்மா. ஆனா ஆபீசுல ஆதாரம் கேப்பாவள்லா? நெட்டுல புஸ்தகத்துப் பேரோட போட்டிருந்துச்சு. நம்ம இஷ்டத்துக்கு எழுத முடியுமா?"

மத்தியானம் கலைக்களஞ்சியத்தைத் திறந்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு எண்கள். இரண்டாவது, அண்ணாச்சியின் செய்தி. நல்ல சான்று கிடைத்தது என்று அஸ்வத் எனக்கு நன்றி வேறு சொல்லியிருந்தார். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினல் என்று நீட்டுகிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் முப்பிடாதி வந்து தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் ஒருத்திதான்னா போட்டிருக்கு? அப்போ எங்க மைனியெல்லாம்?"

"குழுக்காரர்ட்ட கேட்டுட்டேன் முப்பிடாதி. பேப்பரப் பாத்துட்டு ஒனக்குக் கடை தாராராம், ஆனா நீ பின்னுன பாய மட்டும் வைக்கலாமாம். மத்த வீட்டுப் பாய வச்சா, அது வாங்கி விக்குத சரக்காம்." சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது. ஒரு பாய்க்கு எட்டு நாள் ஆகும். அவள் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே வீட்டுக்கு ஒன்றாகப் பதினோரு பாய். முப்பிடாதி ஒன்றைத் தூக்கிவந்து, அதன் ஓரத்தை மெஷின் கண்ணாடிமேல் வைத்தாள்.

"இத எடுங்க யக்கா."

"ஏட்டி, என்னத்துக்கு?"

"ஒரு வீட்டு மடிப்பு இன்னொரு வீட்டுக்கு வராது. குழுக்காரர் முன்னால வைப்போம். ஒருத்தி கையா பதினோரு கையான்னு கண்ணு இருக்கவன் பாக்கட்டும்."

மூடி சரியாக மூடவில்லை. வெளிச்சம் கசிந்து அவள் கழுத்தில் ஓடியது. முதல் தாளில் மடிப்பு சடை மாதிரி விழுந்திருந்தது. இரண்டாவதில் பல் பல்லாக. ஆதார் காப்பிக்கு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருவர் குனிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அஸ்வத் சொல்லிக் கொடுத்தபடியே ஒவ்வொரு தாளின் மூலையிலும் சின்னதாக ஒரு எண் போட்டு, பின்னியவர் பெயர், ஊர், தேதி எழுதினேன். ஃபேன் காற்றில் தாள்கள் எழும்பின. முப்பிடாதி இடுப்பிலிருந்த ஈத்தைக் கத்தியை எடுத்து அவற்றின்மேல் வைத்துவிட்டு, அடுத்த பாயை எடுக்க ஆட்டோவுக்குப் போனாள்.