அம்மா தைத்த நீலச் சட்டை

நர்ஸ் வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருடங்களில் எத்தனையோ பேருடைய உடுப்பை வெட்டி எறிந்தவள்தான். அப்பாவின் சட்டைக்கு முன்னால் அவளுக்குக் கை ஓடவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு முழங்கை முறிந்து, முழுக்கைச் சட்டைக்குள் வீங்கி இறுகியிருந்தது. "சட்டையை வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"கை போனாப் போகட்டும். சட்டைமேல கத்தரிக்கோல் பட்டுச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார் அப்பா. அம்மா தைத்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

தையல்காரி அம்மாவிடம் மூன்று கத்தரிக்கோல்கள் இருந்தன. துணி வெட்டுகிற பெரியதற்குப் பிடி மேல்பக்கமாக வளைந்திருக்கும். கீழ் அலகு மேசையோடு படுத்தே போகும், துணியைத் துளிகூடத் தூக்காது. நூலுக்கு விரல் நீளத்தில் ஒன்று. காகிதம், கயிறு, இன்னும் கண்ட கழுதைக்கெல்லாம் துருப்பிடித்த மூன்றாவது. ஒருநாள் பெரியதால் இவள் காகிதம் வெட்டிவிட்டாள். "அது அதுக்குன்னு ஒண்ணு இருக்குல்லடி, எருமை!" என்று முதுகில் விழுந்த அறை இருக்கிறதே, அப்பப்பா! அப்படி இன்னோர் அறை வாங்க இப்போது கொடுத்துவைக்கவில்லை.

தட்டில் கட்டு வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. கீழ் அலகின் நுனி மொட்டை. துணிக்கு அடியில் நுழைந்தாலும் தோலைக் குத்தாது. ஆனால் யார் தைத்த துணி என்றெல்லாம் அது பார்க்காது. அதை வைத்துவிட்டு, காயத்தில் தையல் பிரிக்கிற சின்னதை எடுத்தாள். அதன் ஓர் அலகின் நுனியில் பிறை மாதிரி ஒரு குழிவு. இழையை மட்டும் கோத்துப் பிடித்து அறுக்கும்.

அப்பாவின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது, ரத்தம் ஓடுகிறது, பத்து நிமிடம் தாங்கும்.

"அசையாதீங்கப்பா. வெட்டல, பிரிக்கிறேன்."

"டாக்டர் திட்டப் போறாரும்மா."

"திட்டட்டும்."

அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை ஒவ்வொரு தையலாக அறுத்தாள். அம்மாவின் தையல் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை, பிடிவாதக்காரி. கடைசியில் சட்டைக்கை திறந்துகொண்டது. உள்ளே மடித்திருந்த துணி இரண்டு விரல் அகலத்துக்கு விரிந்தது. வெயில் படாத அந்த இடம் புத்தம் புது நீலமாக இருந்தது.

"எதுக்கு இவ்வளவு துணியை உள்ள விட்டிருக்கா?"

"நீங்க பெருத்தா பிரிச்சுவிடலாம்னுதான்."

அம்மா போன மூன்று வருடத்தில் பாதியாக இளைத்திருந்த மனிதர் அந்த நீலத்தையே பார்த்தார்.

"அவ சமையலைத் தின்னுட்டு நான் பெருத்துக்கிட்டே போவேன்னு நெனச்சிருக்கா, பைத்தியக்காரி" என்று சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் உடைந்துபோனார்.

டாக்டர் திரும்பி வந்தபோது கை வெளியே இருந்தது. நோயாளியும் நர்ஸும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.