பட்டாசு வெடித்த பிறகு

புங்கங்குப்பம் என்று ஓர் ஊரை உண்டாக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. பாகாலாவிலிருந்து காட்பாடிக்குத் தண்டவாளம் போட வந்த தமிழ்க் கூலி ஜனங்கள், வேலை முடிந்த பிறகு போக்கிடம் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவ்வளவுதான் அதன் சரித்திரம். பேரப்பிள்ளைகளும் அதே லைனில், தண்டவாளத்தைச் செப்பனிடும் கேங்மேன் ஆனார்கள். ஆந்திரா தனி மாநிலமானதும், சித்தூரைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று அவர்கள் மறிக்கக் கிளம்பியது, தங்களுக்குச் சோறு போட்ட அந்த ரயிலைத்தான். வேறு எதை மறிப்பார்கள், பாவம்!

யசோதாவின் புருஷன் சின்னசாமி அங்கே கேங் மேஸ்திரி. மறியல் பேச்சு காதில் விழுந்ததுமே அவர் லைனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஊருக்கு வடக்கே வளைவு, அதோடு இறக்கமும் உண்டு. வளைவு திரும்பி ஆட்களைப் பார்த்த பிறகு டிரைவர் பிரேக் போட்டால், வண்டி அவர்கள் மேல் ஏறித்தான் நிற்கும். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மறியலை முன்னின்று நடத்திய திருவேங்கடம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"சரி, எப்படியோ போங்க. வளைவுக்கு அந்தாண்ட நான் பட்டாசு வச்சிர்றேன். அது வெடிக்கிற சத்தம் கேக்கற வரிக்கும் ஒருத்தனும் லைன்ல கால வைக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி.

தண்டவாளத்தின் மேல் கட்டி வைக்கிற பட்டாசு அது. சக்கரம் ஏறினால் வெடிக்கும். முன்னால் ஆபத்து, வண்டியை நிறுத்து என்று டிரைவருக்கு அர்த்தம். ஆபத்து இல்லாத இடத்தில் அதை வைத்தால் வேலை போகும், ரயில்வே கொடுத்த வீடும் போகும். அன்று காலையில் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது யசோதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பட்டாசு வெடித்தது. வண்டி தயங்கித் தயங்கி வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு லைனில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். ஒருவருக்கும் சின்னச் சிராய்ப்புகூட இல்லை.

விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஊர் ஒன்று கூடியது. "நாங்க உக்காந்த அப்புறந்தான் மேஸ்திரி எங்கள பாத்துட்டு பட்டாசு வச்சாரு" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதென்று முடிவாயிற்று. பொய் பேசினால் நரகம் என்று பயப்படுகிற இயேசுதாசன்கூட ஒப்புக்கொண்டார். பேசி வைத்தபடியே ஸ்டேஷனில் நடந்த விசாரணையில் சொன்னார்கள். மேஸ்திரி தப்பித்துவிட்டார் என்றே யசோதா நினைத்தாள்.

ஸ்டேஷனுக்குப் புருஷனுக்குச் சோறு கொண்டு போனவளை அதிகாரி பார்த்தார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். பொல்லாதவரும் இல்லை.

"நீ இவன் பெண்சாதியா? புள்ளைங்க லைன்ல உக்கார்ற வரிக்கும் இவன் வேடிக்கை பாத்துக்கினு இருந்தானாம். இவனெல்லாம் ஒரு மேஸ்திரியா, செப்பம்மா!"

சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். லைனில் ஓர் ஆடு நின்றால்கூட ஓடிப்போய் விரட்டுகிற மனுஷன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரப் பாத்து இன்னா சொல்றீங்க சார்? சத்தம் கேக்காம ஒருத்தரும் கால வைக்கக் கூடாதுன்னு இவருதான் சொல்லி வச்சாரு! வண்டி நின்ன அப்புறந்தான் ஜனங்க உக்காந்தாங்க. இவரு மாதிரி மேஸ்திரி இந்த லைன்ல யாரு இருக்காங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சாட்சி சொல்லிவிட்டு அங்கேயே நின்றிருந்த திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டான். அதிகாரியே சங்கடப்பட்டுப் போய், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்து, பாத்திர பண்டங்களோடு அரக்கோணம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மேஸ்திரி சாமான் கொட்டகையில் மூட்டை தூக்கினார். நீ வாயைத் திறந்ததால்தான் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதுதான் யசோதாவை அரித்தது.

சில வருஷம் கழித்து எல்லை முடிவானது. திருத்தணி இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று தெருவில் பட்டாசு கொளுத்தினார்கள். மூட்டை தூக்கிய களைப்போடு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார்:

"நம்ம ஊரு?"

"வர்லயாம். சித்தூரு அவங்களுக்கேயாம்."

அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"போவுது வுடு. நாம ரெண்டு பேரு வந்துட்டோம் இல்ல" என்றார்.

இப்போதாவது வாய்விட்டுத் திட்டித் தொலைக்கக் கூடாதா என்று யசோதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் தட்டை முன்னால் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.