பாவாடை பிடித்த கொடி

அந்தத் தொகுதியில் கடந்த ஐந்து தேர்தல்களில் தோற்றவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை. உப்பளத் தொழிலாளி பாவாடை யாருக்குக் கொடி பிடித்தார் என்று கேட்டால் போதும். முதலில் உப்பளச் சங்கத் தலைவர், அடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பிறகு கோட்டக்குப்பத்து மளிகைக்கடை முதலாளி. கடைசி இரண்டு முறையும் வெற்றிச்செல்வன். எல்லோரும் மண்ணைக் கவ்வினார்கள். பாவாடைக்கு வருத்தம் உண்டே தவிர வெட்கம் கிடையாது. தான் பார்த்தது நல்ல ஆளைத்தான், ஜனங்களுக்குத்தான் ஆள் தெரியவில்லை என்பார்.

இந்த முறையும் வெற்றிச்செல்வன் நின்றார். மனு கொடுத்த மறுநாளே வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உப்பள வரப்பில் நடந்து வந்து பாவாடையைத் தனியே அழைத்தார். கொடி கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று பாவாடை கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்.

"அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. இந்த வாட்டி நீங்க அந்தப் பக்கம் போய் வேலை செய்யுங்க. எனக்காகத்தான் கேக்கறேன்."

புரிந்தபோது பாவாடை, கொடிக்காகக் கழுவிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வரப்பில் திரும்பி நடந்தார்.

வீட்டில் மனைவி ராசம்மாளிடம் சொன்னார். அவள் சிரிப்பை அடக்கக் குழம்புச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, அவன்மேல் அவ்வளவு பாசமிருந்தால் கேட்டதைச் செய்துவிட்டு வா என்றாள். மறுநாள் எதிரணியின் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் பதறிப்போய், டீ வாங்கிக் கொடுத்து, இந்த வெயிலில் உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்று ஆட்டோ பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆக, இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாகப் பாவாடை தேர்தல் நேரத்தில் சும்மா இருந்தார். பிரசார வண்டி தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்குள் போய்விடுவார். ஓட்டு நாளன்று மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் ஆளாய் வரிசையில் நின்று, யாரிடமும் பேசாமல் பட்டனை அழுத்திவிட்டு வந்தார்.

வெற்றிச்செல்வன் முந்நூற்றுப் பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நன்றி சொல்ல வந்தவர் ஜீப்பிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு நடுவே பாவாடைக்குச் சால்வை போர்த்தினார். பாவாடை அவர் காதோரம் குனிந்தார்.

"ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன்."

வெற்றிச்செல்வனின் முகம் வெளுத்தது. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்றார்.

"ராசம்மாகிட்டகூட சொல்லல."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று புது எம்.எல்.ஏ. கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். பாவாடையும் தலையாட்டினார். ஆனால் ஜீப் கூனிமேடு பக்கம் போய் மறைவதற்குள் பக்கத்து வீட்டு விருத்தாம்பாளிடம் சொல்லிவிட்டார். அவள் நம்பவில்லை.