கவர் பிரிக்காத பிடி

விழுப்புரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கும் சின்னதுரைக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான் உண்டு. கவர் போட்டவை, இனிமேல் கவர் போட வேண்டியவை. அவர் வீட்டில் டிவி ரிமோட்டுக்குக் கவர். பிரிட்ஜின் கைப்பிடிக்குக் கவர். வரவேற்பறை சோபா, கடையிலிருந்து இறங்கிய நாளில் சுற்றியிருந்த பாலிதீன் உறையோடு இன்னமும் புதுசாகவே இருந்தது. அதில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். வெயில் காலத்தில் எழுந்தால் தோல் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அவர் மனைவி அம்சவள்ளி தரையில்தான் உட்காருவாள்.

வாரம் முழுக்கத் தையல் மிஷின் மேல் வளைந்து கிடக்கிற அவருடைய முதுகு, ஞாயிற்றுக்கிழமை பிடாகம் பக்கம் தென்பெண்ணைக் கரையில் தூண்டிலோடு நிற்கும்போதுதான் நிமிரும். மீன் மாட்டாமல் இல்லை. மாட்டும், கரை வரைக்கும் சமர்த்தாக வரும். பெரிய மீனைத் தூண்டில் நரம்பைப் பிடித்து அப்படியே தூக்கினால் நரம்பு அறுந்துபோகும். கைவலையை அடியில் கொடுத்துத்தான் அள்ள வேண்டும். அந்த இடத்தில்தான் சனி பிடித்தது. வலையில் குறையில்லை, அதைத் தாங்குகிற பிடிதான் சரியில்லை. முதலில் வீடு துடைக்கிற மாப்புக் குச்சியைச் செருகிப் பார்த்தார். ஒரு ரோகு திமிறிய திமிறலில் குச்சி இரண்டாக மடங்கியது. அடுத்து பிவிசி குழாய். அதிலிருந்து வளையம் கழன்று, வலையைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு கட்லா ஆற்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்சவள்ளி கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்லங்க. கொழம்புக்குக் கரைச்ச புளி கீது, ரசம் வெச்சிடறேன்" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திண்டிவனத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் விஷயம் சந்திக்கு வந்தது. அம்சவள்ளியின் தம்பி செல்வகுமார் அங்கே செல்போன் கடை வைத்திருப்பவன். பந்தியில் அத்தனை பேர் காதிலும் விழும்படி ஆரம்பித்தான்.

"எங்க மாமா புடிக்கிற மீனுக்கு முள்ளே கெடையாதுங்க. இன்னா ஒண்ணு, அத காதாலதான் சாப்டணும்."

பந்தி சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவர்கூட வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒழுங்கா ஒரு பிடி அமையல மச்சான். அது மட்டும் அமைஞ்சா பாரு" என்றார் சின்னதுரை.

"அப்போ ஒரு பந்தயம் மாமா. ஆத்துத் திருவிழாவுக்கு விழுப்புரம் வரேன் இல்ல, மறுநாளு நானே உங்க கூட ஆத்துல வந்து நிக்கிறேன். மீன் வீடு வந்து சேந்துச்சுன்னா இனிமே வாயத் தொறக்க மாட்டேன். சேரலன்னா தூண்டில எங்கிட்ட குடுத்துடணும். துணி காயப்போட கொம்பு இல்லாம எங்க வூட்ல உங்க தங்கச்சி பேஜாரு பண்ணிக்கினு கீறா."

அத்தனை பேர் முன்னால் சரி என்று தலையாட்டினார். போகப்போவது தூண்டில் மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமையும்தான் என்று அவர் முதுகுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து சின்னதுரை ஆராய்ச்சியில் இறங்கினார். விழுப்புரத்துக் கடையொன்றில், "மீன் அள்ற வலைக்கு நல்ல பிடி வேணும்" என்றார். கடைக்காரர் உள்ளே போய், கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் அள்ளுகிற, டீ வடிகட்டி அளவு வலையைக் கொண்டு வந்தார். "இத வெச்சி எவ்ளோ பெரிய மீன வேணா அள்ளலாம் சார், பொறுமையா அள்ளணும்" என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

யூடியூபில் ஒருவர் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, கார்பன் பிடிதான் உயர்ந்தது என்று நிரூபித்தார். இன்னொருவர் அலுமினியம்தான் என்று அதைவிட நீளமாக நிரூபித்தார். இருவர் வீடியோவிலும் தண்ணீர் இல்லை, மீனும் இல்லை. தூண்டில் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் கேட்டார். மூங்கில் என்றவருக்கும் ஸ்டீல் என்றவருக்கும் சண்டை வந்து, அது சாதி வரைக்கும் போய், இருவரும் குழுவை விட்டு வெளியேறினார்கள். கடைசியாக மிஞ்சியவர் குட்மார்னிங் படம் போட்டார்.

அலசி ஆராய்ந்து ஆன்லைனில், புது வலையோடு சேர்ந்து வருகிற பிடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கெட்டி அலுமினியம், இழுத்தால் மூன்று மடங்கு நீளும், திருகினால் பூட்டிக்கொள்ளும். பிடிக்கிற இடத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச். 'கை எவ்வளவு நனைந்தாலும் நழுவாது' என்று போட்டிருந்ததை அவர் அம்சவள்ளிக்கு வாய்விட்டுப் படித்தே காட்டினார். வந்து இறங்கியதும் கடை வாசலில் இரண்டு தண்ணீர் கேனை அதில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். வளையவில்லை. சீட் கவர் மாற்ற வந்தவர்கள் தங்கள் வண்டியை மறந்துவிட்டுக் கைதட்டினார்கள்.

அந்த ஸ்பாஞ்சின் மேல், கம்பெனி போட்டனுப்பிய பாலிதீன் உறை பளபளவென்று இருந்தது.

"அதப் பிரிச்சிடுங்க" என்றாள் அம்சவள்ளி.

"பிரிச்சா சேறு படும். புதுசு போயிடும்."

"ஆத்துக்குப் போறதுக்கு வாங்கினது சேறு படாம இன்னா பண்ணும்?"

"அதில்ல அம்சா. கவர் பிரிச்சிட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டான்."

அவள் தரையில் உட்கார்ந்தபடி சோபாவை ஒரு பார்வை பார்த்தாள்.

திருவிழாக் கூட்டம் விட்டுப்போன கரும்புச் சக்கைகளுக்கு நடுவே, மறுநாள் காலையில் மாமனும் மச்சானும் கரையில் நின்றார்கள். செல்வகுமார் வேகவைத்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டே, "மாமா, ஜல்தி. வெயில் ஏறுது" என்று நச்சரித்தான்.

தூண்டில் வளைந்தது. நரம்பு விர்ரென்று ஓடியது. சின்னதுரை பதறவில்லை. விட்டுப் பிடித்தார், இழுத்துப் பிடித்தார். மீன் களைத்துக் கரையோரம் புரண்டபோது செல்வகுமார் கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டான். "யம்மாடி! மாமா, கட்லா! வுட்டுடாதீங்க!"

இடது கையில் தூண்டில். வலது கையால் கைவலையை உதறினார். பிடி சரக்கென்று நீண்டது, பூட்டிக்கொண்டது. வலை மீனுக்கு அடியில் போயிற்று. மீன் வலைக்குள் விழுந்தது. பிடி மயிரிழைகூட வளையவில்லை. சின்னதுரை அந்த நிலையிலேயே திரும்பி மச்சானைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது மீன் ஒரு தடவை திமிறியது.

ஸ்பாஞ்சுக்கும் ஈரக் கைக்கும் நடுவில் பாலிதீன் வழுக்கிற்று. பிடி உறைக்குள்ளிருந்து, ஐஸ் குச்சி உருவிக்கொள்வதுபோல் மெதுவாக உருவிக்கொண்டு, மீனோடும் வலையோடும் ஆற்றுக்குள் இறங்கியது. நரம்பு பட்டென்று அறுந்தது. மேலே கொஞ்சம் குமிழிகள் வந்தன. சின்னதுரையின் கையில் கவர் மட்டும் இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை.

செல்வகுமார் குனிந்து அந்தக் கவரைப் பார்த்தான். பிறகு பணிவாக, "ரிட்டர்ன் போட்டுடுங்க மாமா. கவர் புதுசாவே கீதே" என்றான்.

வீடு போய்ச் சேர்ந்ததும் அம்சவள்ளி வாசலில் நின்று இருவர் கைகளையும் பார்த்தாள். தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டாள். கரைத்து வைத்த புளியை எடுக்கப் போகவில்லை. கணவனின் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராக சோபாவிடம் போனாள். கரகரவென்று உறையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெட்டி, உருவிக் கீழே போட்டாள். உள்ளே மெரூன் நிறம் இருந்தது. சோபா அந்த நிறம் என்பதே சின்னதுரைக்கு மறந்துபோயிருந்தது. அம்சவள்ளி காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ரசந்தான்" என்றாள். "அவசரமில்ல. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வெக்கிறேன்."

சின்னதுரை சாப்பிட்டு முடித்ததும் தூண்டிலை எடுத்து வந்தார். அதற்கு அவரே தைத்திருந்த ரெக்சின் உறையைக் கழற்றினார். இந்தப் பாழாய்ப்போன கவர்களே இனி வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, வெறும் தூண்டிலை மட்டும் மச்சானிடம் நீட்டினார்.

செல்வகுமார் வாங்கிக்கொண்டான். அதை வண்டியில் வைத்துக் கட்டப் போனவன், யோசனையோடு திரும்பி உள்ளே வந்தான். தரையில் கிடந்த சோபா பாலிதீனைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தான்.

"நல்ல கவரு மாமா, வெயிட்டா கீது" என்றபடியே தூண்டிலை அடியிலிருந்து நுனிவரை சுற்றத் தொடங்கினான். "திண்டிவனம் போறதுக்குள்ள தூசி பட்டு புதுசு போயிடும் பாருங்க."