ரயில் அடித்த காசு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கிளெமென்ட்டின் வாய் முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் திறந்தது. தன் சின்ன வயதில் ஒக்கலிபுரத்துப் பிள்ளைகளுக்கு சோடா மூடிதான் காசு என்று ஒன்பது வயது மகள் ஜூலியாவிடம் ஆரம்பித்தான். சாதா மூடி ஒரு ரூபாய். தண்டவாளத்தில் வைத்து, ரயில் ஏறித் தகடாகிவிட்டால் அதுவே பத்து ரூபாய். "எங்க காச ரயிலுதான் அடிச்சுக் குடுக்கும்" என்று மீசையை வேறு முறுக்கிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் ஜூலியாவைக் காணோம். டியூஷனுக்குப் போயிருப்பாள் என்றாள் மனைவி அல்போன்சா. ஆனால் ஸ்கூல் பை கட்டிலில் கிடந்தது. எடுத்து வைக்கப் போனவன் கையில் அது கலகலத்தது. திறந்து பார்த்தால் ஒயின் ஷாப் வாசலில் பொறுக்கிய பீர் மூடிகள்.

கதையில் பாதியை அவன் சொல்லவே இல்லை. தன் காத்தாடிக்குப் பத்துத் தகடு என்று விலை வைத்தவன் அவன். கூட்டாளி லாயிட் ஒன்பது கொண்டுவந்தான். ஒன்று குறைகிறது என்று கறாராகத் திருப்பி அனுப்பினான். பத்தாவதை வைக்கப் போன லாயிட்டுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஜூலியா கேட்டபோதெல்லாம், அது ஃபேக்டரி மெஷினில் போன கை என்று சொல்லி வைத்திருந்தான்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். தெருமுனை திரும்புவதற்குள் ஹாரன் கேட்டது. மாதாவே, மாதாவே என்று வாய் பிதற்றியது. ரயில்வே காம்பவுண்டு சுவருக்கு மேலே பெட்டிகள் தடதடவென்று போயின. ரயில் நிற்கவில்லை, அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு கணம் மனசு தேறியது. லாயிட்டின் கை போன அன்றைக்கும் ரயில் நிற்கவில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது.

சுவர் உடைந்திருக்கும் இடத்தில்தான் லாயிட்டின் இஸ்திரி வண்டி. இடது கையால் தேய்த்துப் பிழைப்பவன் அவன். வண்டிக்குப் பக்கத்தில் துணி மூட்டைமேல் ஜூலியா உட்கார்ந்திருந்தாள், முழுசாக. கிளெமென்ட் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். அழுதேவிட்டான்.

"ஓட்டையில நுழையறப்பவே புடிச்சு உக்கார வச்சுட்டேன்" என்றான் லாயிட், இஸ்திரிப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ பாதிதான் சொல்லியிருக்க மச்சான். மீதிய நான் சொல்லிட்டேன்."

ஜூலியாவின் உள்ளங்கையில் நசுங்காத மூடி ஒன்று இருந்தது. அவள் லாயிட்டின் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அந்தக் காத்தாடிய அப்புறம் யாருக்குப்பா குடுத்தே?"

லாயிட் தேய்ப்பதை நிறுத்தினான். முப்பது வருஷமாக அவன் கேட்காத கேள்வி அது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் முழுக்க அந்தக் காத்தாடியை வீட்டு மாடியில் நின்று பறக்கவிட்டவன் கிளெமென்ட்தான்.