அச்சேறாத பாடம்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், கொலோனுக்குப் பக்கத்துக் குருமடம் ஒன்றின் நூலகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்றை ஸ்கேன் செய்தார்கள்; நானூற்றுப் பன்னிரண்டும் வெள்ளையாகவே வந்தன. கருவியின் விளக்கை மாற்றினார்கள். கேமராவால் எடுத்தார்கள். தாள் பதிந்தது, கண்ணுக்குத் தெரிந்த எழுத்து பதியவில்லை. அது, முன்னூற்றைம்பது வருடத்துக்கு முன் அங்கே கற்பித்த க்ரூன் சுவாமி இறையருளைப் பற்றி லத்தீனில் தம் கையாலேயே எழுதிவைத்த பாடம். அச்சு வந்து இருநூறு வருடம் கடந்த பிறகும் அவர் அச்சகப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அச்சுக்கு ஆயரின் அனுமதி வேண்டும், அச்சேறிய பிறகு ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. எனவே அவர் வகுப்பில் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், மாணவர்கள் எழுதுவார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவார்கள்.

இப்போதும் கையால்தான் படியெடுக்க வேண்டும் என்று முடிவாகி, வேலை நூலக ஊழியர் பேர்பெச்சுவாவின் தலையில் விழுந்தது. ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வுப்பர்டாலில் வளர்ந்து, லத்தீனும் இறையியலும் படித்தவள். நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் பிள்ளையோ, வீட்டில் காத்திருக்க ஆளோ இல்லாதவளும் அங்கே அவள் ஒருத்திதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள், படியெடுப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறை அவளும் செய்தாள். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்ததால் கண் தாவி, இரண்டாவது வரி விடுபட்டது. மறுநாள் காலை அவளுடைய பிரதியின் ஓரத்தில், பழுப்பு மையில், சுவாமியின் கையெழுத்தில் அந்த வரி இருந்தது. கீழே, "கவனம்."

"மன்னிக்கோணும் சுவாமி, கண் தவறிப்போச்சுது" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அடுத்த வரியை அவள் வேண்டுமென்றேதான் விட்டாள். அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு வரி. அவரும் சும்மா இருக்கவில்லை; கழுதைகூட இந்த வரியை விட்டிருக்காது என்று எழுதினார். காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டு வந்தபோது, "எங்கே போனாய்?" என்று எழுதியிருந்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கெல்சென்கிர்ச்சனிலிருந்து தங்கை பிரபாலினி அழைத்தாள். "அக்கா, ஈஸ்டருக்கு வாறியளோ?"

"ஏலாதடி. எழுத்து வேலை கிடக்கு."

"அந்தச் செத்த மனிசன்ர புத்தகம் எங்க ஓடப்போகுது?"

"முடிஞ்சால் ஓடிடும்" என்றாள் பேர்பெச்சுவா.

எவ்வளவு இழுத்தாலும் 2021 ஒக்டோபரில் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. 'இத்துடன் பாடம் முற்றிற்று' என்ற ஒரு வரிதான் பாக்கி. அதை எழுதினால் நாளை ஓரத்தில் எதுவும் இருக்காது. அவள் அதை எழுதாமலே பேனாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். மூன்றரை வருடத்தில் அவள் விட்ட எந்த வரியையும் அவர் மன்னித்ததில்லை.

மறுநாள் ஓரம் சுத்தமாக இருந்தது. பயந்துபோய் மூலப் பிரதியைத் திறந்தாள். அந்த வரி அங்கேயும் இல்லை. அது இருந்த இடத்தில், ஈரம் காயாத மையில், புதிய பாடம் ஒன்று தொடங்கி, முன்பில்லாத ஒரு பக்கத்துக்கும் ஓடியிருந்தது.

நூலகப் பொறுப்பாளர் லிசா வந்து பக்கங்களை எண்ணி, பட்டியலில் நானூற்றுப் பதின்மூன்று என்று திருத்தினாள். ஒவ்வொரு ஜனவரியிலும் மறுபடி எண்ண வேண்டும் என்று குறிப்பும் போட்டாள். பேர்பெச்சுவாவின் வேலைத் தாளில், முடியும் திகதி என்ற கட்டத்துக்குள் ஒரு கோடு இழுத்துவிட்டாள்.