அறிவுமதி போய்ச் சேரும் வரை

பூவாளந்துறை குந்தவையின் தம்பி அறிவுமதி இறந்தது 2022 ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி. அவனுடைய சைக்கிள் மறுபடி ஓட ஆரம்பித்தது மே இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை. ஓடியது என்றால் தெருவில் அல்ல; கூடத்தில், இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி இரும்பு ஸ்டாண்டில் மாட்டி வைத்த இடத்திலேயே. காலை ஆறு மணிக்குச் சக்கரம் சுற்றத் தொடங்கும், மத்தியானம் ஒரு மணி நேரம் நிற்கும், சாயங்காலம் ஐந்தரைக்கு ஓய்ந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் ஆனது. முதல் நாள் மீட்டரில் மூன்று கிலோமீட்டர் கூடியிருந்தது. அன்று திருவையாற்றில் கத்தரிக்காய் கிலோ முப்பது ரூபாய்.

இந்த ஊரில் யாரும் சைக்கிளில் தஞ்சாவூரைத் தாண்டிப் போனதில்லை. அறிவுமதிக்கு லடாக் போக வேண்டும் என்று தோன்றியது. மார்கழி வந்தால் குரங்குக் குல்லாய் இல்லாமல் வாசலுக்கு வராதவன் பனியைப் பார்க்க ஆசைப்பட்டான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது, ஊரே சிரித்தது. அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த அவனுக்குக் கோடையில் வேலை இல்லை. அறுபது நாளில் போய், ரயிலில் திரும்பி, ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் வந்துவிடுவதாக அக்காவிடம் சொன்னான். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். குந்தவை மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். விவசாயிகள் பையில் கொண்டுவரும் மண்ணைப் பார்த்து, உப்பா காரமா என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள், அழவில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் எல்லை தாண்டும் வரைக்கும், முடிந்தால் போய்ச் சேரும் வரைக்கும், வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. குந்தவைக்கும் தெரியும். ஏப்ரல் நாலாம் தேதி ஆறரைக்கு அவன் கிளம்பினான். ஏழரைக்கு அவள் துடைப்பத்தை எடுத்தாள். ஆபீசுக்கு எட்டே காலுக்குப் பஸ்; தம்பி இந்நேரம் கண்டியூரைத் தாண்டியிருப்பான் என்று நினைத்தாள். அவனோ ஊர் எல்லைக்குள்ளேயே, ரெத்தினத்தின் சைக்கிள் கடையில், காற்றுப் பிடித்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தான். இது அவளுக்குத் தெரிய வந்தது பதினாறாம் நாள் காரியத்தில். ரெத்தினம் நல்ல மனிதர், துக்கம் விசாரிக்கத்தான் வாயைத் திறந்தார். "ஏழே முக்கால் வரைக்கும் நம்ம கடையிலதாம்மா இருந்தான். ரெண்டு டீ குடிச்சான். போறப்ப உங்களப் பத்திதான் பேசிக்கிட்டுப் போனான்." அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. நாக்பூருக்கு எழுபது கிலோமீட்டர் இந்தப் பக்கம், பதினெட்டாம் நாள், பின்னால் வந்த லாரி தன் தம்பியைத் தட்டியது தன் துடைப்பத்தால்தான் என்று அன்று முடிவு கட்டினாள். படித்தவள்தான். படிப்பு இதற்கெல்லாம் உதவுவதில்லை.

உடம்பு முதலில் வந்தது, சைக்கிள் பார்சலில் பின்னால் வந்தது. வளைந்த முன்சக்கரத்தை ரெத்தினம் நிமிர்த்திக் கொடுத்தார், ஸ்டாண்டும் அவர் கொடுத்ததுதான். மீட்டரில் 1430 இருந்தது. அது 1433 ஆனதும் குந்தவை அவரைத்தான் கூப்பிட்டாள். அவர் செயினைத் தொட்டுப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், அது தானாக இறங்கி ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு மெதுவாகப் போகிறானே என்று அவள் கேட்டதற்கு, "உடம்பு இல்லாம மிதிக்கிறதுன்னா சிரமந்தானம்மா" என்றார். மாதம் ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லிவிட்டுப் போனார்.

சக்கரத்துக்கு அடியில் மண் விழ ஆரம்பித்தது. முதலில் கரிசல். குந்தவை ஒரு சிட்டிகை எடுத்து ஆபீசில் சோதித்தாள், பருத்தி விளைகிற மண் என்று வந்தது. தீபாவளிக்குள் மண் சிவந்து, அதில் தேக்கிலைச் சருகு கலந்தது. அடுத்த சித்திரையில் கூடம் முழுக்கக் கோதுமைத் தூசி, அவளுக்குத் தும்மல் நிற்கவில்லை. சுவரில் இந்தியப் படம் மாட்டி, தினமும் மூன்று கிலோமீட்டருக்குப் பென்சிலால் கோடு இழுத்தாள். ஆபீஸ் விட்டு வந்ததும் சைக்கிள் பக்கத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டபடி, அன்றைக்கு எந்த ஊர் என்று அவனிடமே கேட்பாள். பதில் வராது, சக்கரம் சுற்றுகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் இருந்ததால் அவளால் அந்த வீட்டில் இருக்க முடிந்தது. வீட்டை மட்டும் அவள் பெருக்கவில்லை. இந்தத் தடவை அவன் போய்ச் சேருகிறவரைக்கும் துடைப்பத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பம் மண்ணில் கால் வைக்க யோசித்து வாசலோடு திரும்பியது. கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கேட்டார். வேதாரண்யத்திலிருந்து வந்த அத்தை மங்களாம்பிகை, அப்பாவின் தங்கை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி, இது வீடா, களமா?"

"பெருக்கக் கூடாது அத்தை. அவன் இன்னும் போய்ச் சேரல."

அத்தைக்கு வாய் நீளம். ஆனால் அன்றைக்கு ஓரமாக ஒரு பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

2023 மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்பு பென்சில் கோடு மணாலியைத் தொட்டது. சக்கரத்தடியில் ஆற்றுக் கூழாங்கல் விழுந்தது. இன்னும் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்று கணக்குப் போட்டவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டால் சக்கரம் நின்றுவிடும். நின்றுவிட்டால் இந்த வீட்டில் சத்தம் போட யார் இருக்கிறார்கள்? மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்னால் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டாள். அன்று சைக்கிள் அரைக் கிலோமீட்டர்தான் போனது. யாரோ உள்ளே இருந்து காற்று அடைப்பதுபோல ஒவ்வொரு சாயங்காலமும் டயர் கொஞ்சம் புடைத்திருக்கும், ஒவ்வொரு காலையும் அவள் பிடுங்குவாள். யாருக்கும் சொல்லவில்லை. நான்கு மாதம் இப்படி நடந்தது. தம்பியை ஒருமுறை துடைப்பத்தால் அனுப்பினோம், இப்போது காற்றைப் பிடுங்கி நிறுத்தி வைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தாள்.

சித்திரை பத்தாம் தேதி தஞ்சாவூரில் வெயில் நூற்று மூன்று டிகிரி. வழக்கம்போல வால்வைத் திறக்கக் குனிந்தவள் ஹேண்டில்பாரைப் பிடித்தாள், பிடித்த கை ஒட்டிக்கொண்டது. ஹேண்டில்பார் முழுக்கப் பனி உறைந்திருந்தது. அவன் இரண்டு கையும் பிடிக்கிற இடத்தில் மட்டும் பனி இல்லை, அங்கே ரப்பர் நடுங்கிக்கொண்டிருந்தது. குந்தவை அப்படியே தரையில், மண்ணில், உட்கார்ந்துவிட்டாள். மார்கழியில் குல்லாய் இல்லாமல் பல் துலக்க வராதவனை நான்கு மாதமாகப் பனிக் கணவாயில் நிறுத்தி வைத்திருக்கிறாள். தனக்குத் துணை வேண்டும் என்பதற்காக. அன்று அழுத அழுகையை, இறந்த செய்தி வந்த அன்றுகூட அவள் அழவில்லை. பிறகு முகத்தைக் கழுவி, ரெத்தினத்தின் கடைக்குப் போய்ப் பம்ப் வாங்கி வந்தாள். அவர் என்ன ஏது என்று கேட்காமல், "பின்டயருக்குக் கூட ரெண்டு அடி அடிங்கம்மா, மலை ஏறணுமில்ல" என்றார். அடித்தாள். அன்று சைக்கிள் ஒன்பது கிலோமீட்டர் போனது.

அதற்குப் பிறகு தினமும் ஒன்பது. காலையில் அவளே காற்று அடைத்தாள். ஜூன் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஓய்வுக்கு நின்ற சக்கரம் மறுபடி சுற்றவில்லை. மீட்டரில் 3561. சக்கரத்தடியில் கடைசியாக விழுந்தது சாம்பல் நிற மணல், எந்தப் பயிருக்கும் ஆகாதது. குந்தவை மூன்று நாள் பொறுத்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. நாலாம் நாள் துடைப்பத்தை எடுத்து, கூடத்தின் வடக்கு மூலையிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். முடிய மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு வருடம் கழித்துத் தரை தெரிந்தது, சிவப்பு ஆக்சைடு பூசிய தரை, பளபளவென்று. வீடு இவ்வளவு பெரியதா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பெருக்கிய மண் நாலு சாக்கு வந்தது. வாசலில் கொட்ட மனம் வரவில்லை. அந்த வருடம் ஆறு தாமதம், ஆடி கடைசியில்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. இருந்த இரண்டு மா நிலத்தில் சம்பா நாற்றங்காலுக்கு அந்த மண்ணைக் கலந்து விட்டாள். நாற்று வடக்குப் பார்த்துச் சாய்ந்து வளர்ந்தது. நடவுக்கு வந்தவர்கள் நிமிர்த்தி நட்டார்கள், மறுநாள் பார்த்தால் வடக்கே சாய்ந்திருந்தது. வாடைக் காற்று முகத்தில் அடித்த மார்கழியிலும் அப்படியேதான் நின்றது. நடவு நட்ட கலைமகள், "பயிரு எந்தப் பக்கம் பாத்தா என்ன, பால் புடிச்சாச் சரி" என்றாள். பிடித்தது. மகசூல் பக்கத்து வயல்களைப் போலத்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்த விதைநெல்லைத்தான் அடுத்த வருடமும் போட்டாள். சைக்கிள் ஸ்டாண்டிலேயே நிற்கிறது, செயினுக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் விடுகிறாள்.

அத்தை பொங்கலுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். காலை எட்டு மணிக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்த குந்தவை, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். கரும்புச் சக்கையும் கோலப்பொடியும் தரையில் கிடந்தன. பஸ் வழியில் ரிப்பேராம். போன் வர மத்தியானம் இரண்டு மணி ஆனது.

"அத்தை, வீட்டுக்குள்ள போயிட்டீங்களா?"

"செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கேண்டி. நீ சாப்பிட்டியா?"

"உள்ள போயிட்டுச் சொல்லுங்க."

கதவு திறக்கிற சத்தம் போனில் கேட்டது. "வந்துட்டேன், உள்ள வந்துட்டேன்" என்றாள் அத்தை. பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பஸ்ஸுல வர்றப்ப பாத்தேன், நம்ம வயலு இன்னும் வடக்கதான் பாத்துக்கிட்டு நிக்குது" என்றாள்.

"ஆமா அத்தை."

"சரி, நிக்கட்டும். நீ வீட்டப் பெருக்கிட்டுச் சாப்புடு."